ஐப்பசி மழையும் மரத்தடி முன்பள்ளியும்

ஐப்பசியின் முதற் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில், வன்னியின் மணல் ஒழுங்கைகளில் சிவப்புப் பட்டுத்துணியில் கிள்ளி எடுத்தது போன்ற சிறு பூச்சிகள் ஊர்ந்து திரியும். ஒரு பருப்பளவுதான் இருக்கும். சில நாட்களுக்குக் காணலாம். பின்னர் மண்ணுக்குள் போய்விடும். அம்மம்மாமாரைக் கேட்டால் "அது தம்பளப்பூச்சியெல்லோ" என்பார்கள். தீப்பெட்டிக்குள் புல்லுப் போட்டு அதை வளர்க்கப் பார்த்த கதையும் கூடவே வரும். அதே வீட்டு இளந்தாயைக் கேட்டால் "என்னவோ பூச்சி, தொடாதை, கையைக் கழுவு" என்று பிள்ளையை உள்ளே கூப்பிடவே இடமுண்டு.

இதில் தாயின் குற்றம் எதுவுமில்லை. கணக்கைப் பாருங்கள். 2009இல் பத்து வயதாயிருந்த சிறுமி இன்று இருபத்தைந்தைத் தாண்டிய தாய். அவருடைய பிள்ளைப்பருவத்தின் நல்ல பகுதி, கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கிக் கொட்டிலைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டதில் கழிந்தது. அதன்பின் செட்டிகுளத்து மெனிக் பாம். அங்கே பற்றைக் காட்டை இயந்திரத்தால் வழித்துத் துடைத்த வெளியில், தறப்பாளுக்குத் தறப்பாள் முட்டும்படி கூடாரங்கள் நின்றன. அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பியபோது மண்டையோட்டுப் பலகையும் சிவப்பு நாடாவும் வரவேற்றன. "பாதையை விட்டு இறங்காதே" என்பதுதான் அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொந்த மண்ணைப் பற்றிச் சொல்லப்பட்ட முதற் பாடம். அந்தப் பாடம் பல கால்களைக் காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனோடு வேறொன்றும் நடந்துவிட்டது. பாட்டிக்குத் தெரிந்த மண், நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிப் பேரப்பிள்ளைக்கு வந்து சேராமல் நிற்கிறது.

இடம்பெயர்வில் நாம் இழந்தவற்றைக் கணக்கெடுத்தபோது வீடு, கிணறு, மாடு, உழவு இயந்திரம், நகை எல்லாம் படிவத்தில் எழுதினோம். ஆறு வயதுக்குள் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை தானாகக் கற்றுக்கொள்ளும் மரத்தின் பெயர், மழையின் குறி, மண்ணின் குணம் ஆகியவற்றுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இருக்கவில்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய எமது கிராமத்து முன்பள்ளிகளால் முடியும். அதற்கு ஐப்பசியும் கார்த்திகையும் போன்ற மாதங்கள் வேறில்லை.

காட்டு முன்பள்ளிகள்

ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் காட்டு முன்பள்ளி என்றொரு முறை உண்டு. மூன்று வயது முதல் ஆறு வயது வரையான சிறார் காலைப்பொழுது முழுவதையும் காட்டிலேயே கழிப்பார்கள். கடும் மழைக்கு ஒதுங்க ஒரு சிறு கொட்டில் இருந்தால் அதுவே அவர்களின் கட்டடம். 1950களில் டென்மார்க்கில் எலா பிளாட்டோ என்னும் தாய், தன் பிள்ளைகளையும் அயற் பிள்ளைகளையும் நாள்தோறும் காட்டுக்கு அழைத்துச் சென்றதில் இது தொடங்கியது என்பர். ஜேர்மனியில் 1993இல் பிளென்ஸ்பேர்க் நகரத்துக் காட்டு முன்பள்ளி அரச அங்கீகாரம் பெற்றது. இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன.

முன்பள்ளி என்ற எண்ணத்தின் வேரே காட்டில்தான் இருக்கிறது. 1837இல் ஜேர்மனியின் பிளாங்கன்பேர்க் என்ற ஊரில் முதலாவது முன்பள்ளியைத் தொடங்கி, பின் அதற்குச் 'சிறுவர் தோட்டம்' என்ற பொருள்படும் பெயரிட்டவர் பிரெடெரிக் புரோபல். ஒரு போதகரின் மகனான இவர், பதினைந்தாவது வயதில் ஒரு வன உத்தியோகத்தரிடம் தொழில் பழகச் சென்றவர். தாயை மிகச் சிறு வயதிலேயே இழந்த அவருக்கு மரங்களும் செடிகளும் ஆசிரியர்களாயின. தோட்டம் என்று அவர் சொன்னது உவமைக்காக மட்டுமல்ல. பிள்ளைகளுக்கென்று உண்மையான பாத்திகளும் அங்கே இருந்தன. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தோட்டத்தைக் கைவிட்ட பள்ளிகள் பின்னாளில் உலகெங்கும் பெருகின. எங்கள் நகரங்களிலும் அவற்றுக்குக் குறைவில்லை.

செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்கள் அங்கே இலையுதிர்காலம். பச்சை வடிந்து மஞ்சளும் சிவப்புமாக விழும் இலைகளைச் சிறார் பொறுக்கி நிறவாரியாக அடுக்குவர். விழுந்த விதைகளை எண்ணுவர். சேற்றில் குதிப்பர். மழைச் சட்டையும் முழங்கால் வரை சப்பாத்தும் அணிந்திருப்பதால் மழைக்காக எவரும் உள்ளே ஓடுவதில்லை. நோர்வேயிலும் டென்மார்க்கிலும் ஜேர்மனியிலும் வாழும் எம்மவர்களின் பிள்ளைகளும் இப்படிச் சேற்றில் உருளுகிறார்கள். அந்தப் படத்தைத் தொலைபேசியில் பார்த்து "பார், என்ன வடிவாய் விளையாடுது" என்று மகிழும் அதே வீட்டில், இங்குள்ள பேரன் முற்றத்துச் சேற்றில் கால் வைத்தால் அடி விழுகிறது!

எமக்கு இலையுதிர்காலம் என்று ஒன்றில்லை. எமது காட்டில் இலை கொட்டும் மரங்கள் பெரும்பாலும் கோடை வெயிலுக்கே கொட்டும். ஐப்பசி மழையோடு அவை துளிர்க்கும். அவர்களின் பிள்ளைகள் இலை விழுவதைப் பார்க்கும் அதே கிழமைகளில் எமது பிள்ளைகள் இலை வருவதைப் பார்க்கலாம்.

வெளியில் விளையாடுவதால் உடலுக்கு என்ன நன்மை என்று கேட்போருக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு வயதுப் பிள்ளைகள் சிலரை மூன்று ஆண்டுகள், பள்ளி நாட்களில் 40 நிமிடங்கள் மேலதிகமாக வெளியில் விட்டார்கள். 2015இல் முடிவு வெளியானது. வழமைபோல் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருக்க, வெளியில் விடப்பட்டவர்களில் அது 30 பேரளவில் நின்றது. பகல் வெளிச்சம் கண்ணுக்குக் காவல் என்பது இப்போது பலரும் ஏற்றுக்கொண்ட செய்தி. பின்லாந்தில் சரளை பரப்பிய முன்பள்ளி முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து பரப்பினார்கள். பிள்ளைகள் 28 நாட்கள் அதில் விளையாடினார்கள். அவர்களின் தோலிலுள்ள நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின; இரத்தத்தில் நோயெதிர்ப்பைச் சீராக்கும் கூறுகளிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. இது 2020இல் வெளியானது. அவர்கள் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்த காடு எமக்கு வேலிக்கு அப்பால் நிற்கிறது.

எம்மவர் முன்பே கண்டது

இது வெள்ளைக்காரர் காட்டிய புதுமை என்று எவரும் எண்ண வேண்டாம். எமது மக்களின் இடப்பெயர்வு வரலாற்றோடு மரத்தடிப் பள்ளியும் சேர்ந்தே வந்திருக்கிறது.

1977ஆம் ஆண்டு இனக் கலவரத்தில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தன. அவர்களைக் காணிகளில் குடியமர்த்தும் பணியைக் காந்தியம் என்ற அமைப்பு மேற்கொண்டது. கட்டடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட்டும் வவுனியாவில் வைத்தியராயிருந்த இராசசுந்தரமும் அதன் முன்னோடிகள். கென்ற், டொலர் பண்ணைகள் அவ்வாறு குடியேறிய இடங்களுள் இரண்டு. காந்தியத்தின் வேலைகளில் முக்கியமான ஒன்று, கிராமத்து இளம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஊருக்கு ஊர் முன்பள்ளிகளை நடத்தியது. வீடே இன்னும் ஒழுங்காக மேயப்படாத குடியேற்றத்தில் முன்பள்ளி எதற்கு என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தேயிலை மலையில் வளர்ந்த பெற்றோருக்குப் பாலையும் வீரையும் முதிரையும் பிள்ளைக்குப் போலவே புதியவையாக இருந்திருக்கும். தாயும் பிள்ளையும் ஒன்றாகவே அந்த வரண்ட காட்டைப் படித்திருப்பார்கள்.

1983 ஏப்ரலில் டேவிட்டும் இராசசுந்தரமும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். கென்ற், டொலர் பண்ணைக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. டேவிட் ஐயா நெடுங்காலம் இந்தியாவில் வாழ்ந்து, திரும்பி வந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். இந்தக் கதையில் காணிப் பிரச்சினையைப் பற்றிப் பேசுவோர் பலர். முன்பள்ளிகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பின்னர் 1995 ஒக்ரோபர் 30. அதுவும் ஐப்பசிதான். கொட்டும் மழையில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. அதிலிருந்து பலர் கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கு வந்தனர். மறு ஆண்டு புரட்டாதியில் கிளிநொச்சி நகரமும் வெறுமையாக, அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, துணுக்காய்ப் பக்கங்களில் மரங்களின் கீழ் வகுப்புகள் நடந்தன. அன்று மலேரியா வீட்டுக்கு வீடு இருந்தது. இருந்தும் பிள்ளைகள் படித்தார்கள். அந்த மரத்தடிகளை நாம் வறுமையின் அடையாளமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். கட்டடம் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டதும் அதனால்தான். வறுமை இருந்தது உண்மை. கரும்பலகை இல்லை, கொப்பி இல்லை. ஆனால் அங்கே படித்த பலருக்கு இன்றும் எந்த மரம் எந்த மாதம் பூக்கும் என்பது தெரியும்.

கட்டுண்ட நிலையிலும் இவ்வாறு கற்பித்த ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். எமது முன்பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிகளில் கேட்கும் பெயரான மரியா மொண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, எதிரி நாட்டவர் என்று ஆங்கில ஆட்சி அவர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. அவருடைய மகனைப் பிரித்து முகாமில் அடைத்துச் சில வாரங்களின் பின் விடுவித்தது. எழுபது வயதைத் தாண்டிய அவர் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியபோது, வயது வேறுபாடின்றிச் சிறாரைச் சேர்த்து, மலையின் செடிகளையும் பூச்சிகளையும் நீரோடைகளையும் பாடமாக வைத்து நடத்தினார். இயற்கை பற்றிய அவரது கல்விமுறை முதிர்ந்தது அங்கேதான். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஊர் திரும்ப வழியற்று இருந்த ஒரு முதியவர், நின்ற இடத்து மண்ணையே பள்ளிக்கூடமாக்கினார் என்பது எமக்கு அந்நியமான செய்தியல்ல.

மாரி மண் தரும் பாடங்கள்

தம்பளப்பூச்சியையே எடுத்துக்கொள்வோம். அதை ஒரு சிரட்டையில் விட்டுப் பிள்ளைகளைச் சுற்றி இருத்துங்கள். எத்தனை கால்? எட்டு. பக்கத்தில் ஓடும் எறும்புக்கு? ஆறு. அப்படியானால் இது சிலந்தியின் சொந்தக்காரர். 'ஒன்று முதல் பத்து' என்று கத்திப் பாடமாக்கிய பிள்ளைக்கு எண் என்பது ஒன்றைக் கூர்ந்து பார்த்து அறிவதற்கான கருவி என்று புரியும் இடம் இதுதான். பார்த்து முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட வேண்டும். வயலில் சிறு பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும் தின்று வாழும் உயிர் அது. விளக்கடியில் விழுந்த ஈசலைக் காலையில் பொறுக்கினால் நான்கு சிறகுகள். புற்றுக்குள் இருந்தவை மழை கண்டு வெளிவந்த கதையையும் சொல்லலாம்.

மழை நீர் ஓடும் முற்றத்தில் பிள்ளைகளை விட்டால், எவரும் சொல்லாமலே அணை கட்டத் தொடங்குவார்கள். இது விவசாயி வீட்டுப் பிள்ளையின் இரத்தத்தில் உள்ள விளையாட்டு என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் டென்மார்க்குப் பிள்ளையும் கட்டுகிறதாம். எமக்குள்ள பேறு என்னவெனில், கட்டத் தெரிந்த அப்பப்பாமார் கூப்பிடு தூரத்தில் இருப்பது. கமக்காரர் அமைப்பில் இருந்து ஓய்ந்த ஒரு முதியவரை ஒரு காலைப்பொழுது கூப்பிட்டு, பிள்ளைகளோடு குந்தியிருந்து ஒரு குளம் கட்டச் சொல்லுங்கள். அலைகரை எங்கே, துருசு எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் சரிய வேண்டும், எல்லாவற்றையும் அவர் கையால் காட்டுவார். பப்பாசித் தண்டு துருசாகும். கட்டின் உயரத்தை விட வான் தாழ்வாக இருக்காவிட்டால் என்ன நடக்கும்? பிள்ளையின் குளம் பிள்ளையின் கண்முன்னே உடைக்கும். அந்த ஒரு உடைப்பில் படித்ததை வேறெப்படியும் படிப்பிக்க முடியாது. 2018 மார்கழியில் இரணமடுவின் வான் கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை நாம் அறிவோம். குளத்தின் கீழ் வாழப்போகும் பிள்ளைக்கு, நீருக்கு வழிவிடும் கணக்கு எழுத்தறிவுக்குச் சமமான அறிவு.

இதே மாதத்தில் ஒரு விருந்தாளி வருவார். ஆறுமணிக்குருவி. கட்டையான வால், வயிற்றின் கீழ் சிவப்பு, முதுகில் பச்சை, சிறகில் நீலம். இந்தியாவின் காடுகளில் குஞ்சு பொரித்து, மாரி தொடங்கும்போது இலங்கைக்கு வந்து பங்குனி, சித்திரையளவில் திரும்பும். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கூப்பிடுவதால் இந்தப் பெயர். நிலத்தில் சருகைக் கிளறிப் பூச்சி தேடுவதால் மரநிழலில் அசையாமல் இருந்தால் பிள்ளைகளின் கண்ணிலும் படும். நாலு வயதுப் பிள்ளைகள் ஐந்து நிமிடம் அசையாமல் இருப்பதா என்று ரீச்சர்மார் சிரிப்பார்கள். குருவிக்காக இருப்பார்கள். "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்பதற்காக இருக்கமாட்டார்கள். கடலைத் தாண்டி வந்து, காலம் வந்ததும் தன் இடத்துக்குத் திரும்பிப் போகும் ஒரு குருவியைப் பற்றி எமது பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பெரியவர்கள் ஆயத்தமாக இருப்பது நல்லது.

விளையாட்டுச் சாமான்கள் வாங்கப் பணமில்லை என்பது முன்பள்ளிகளின் நிரந்தர முறைப்பாடு. குரும்பட்டியும் ஈர்க்கும் இருந்தால் தேர். பூவரசம் இலையைச் சுருட்டினால் பீப்பீ. தென்னோலையில் பாம்பு, பனையோலையில் காற்றாடி. சிரட்டையில் மண்சோறு. புளியங்கொட்டையில் எண்ணும் விளையாட்டு. இவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் வீட்டுத் திண்ணையில் சும்மா இருக்கின்றன. கிழமைக்கு ஒரு நாள் ஓர் அம்மம்மா அல்லது அப்பப்பா முன்பள்ளிக்கு வர வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் முறை வைத்துக்கொண்டால் போதும். பிள்ளையைக் கூட்டிவரும் இளந்தாயும் அன்று அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும். விடுபட்ட தலைமுறைக்கும் அது பள்ளிக்கூடமாகும். தனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படும் தாய்மாரும் பிள்ளையைச் சாட்டிக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஊருக்குப் புதியவர்களாக வந்து குடியமர்ந்தவர்கள் அயற்கிராமத்துப் பழைய குடியிருப்பாளரைக் கூப்பிடலாம். தீவிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்த முதியவருக்கு இந்தக் காட்டு மரம் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரிந்த விளையாட்டு இங்குள்ளவருக்குத் தெரியாதிருக்கலாம்.

"பிள்ளை இன்னும் எழுதேல்லை"

"ரீச்சர், பிள்ளை இன்னும் 'அ' எழுதேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலிசிலை பேர் எழுதுது." முன்பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் கேட்டுச் சலித்த வார்த்தை இது. இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் படிப்பை விட்டால் வேறு சொத்தில்லை என்ற தவிப்பிலிருந்து வருவதால் இதை இளக்காரமாக எண்ணக் கூடாது. காணி போனது, நகை போனது, படித்த படிப்பை எவரும் பிடுங்கவில்லை என்று கண்டவர்கள் நாம்.

ஆயினும் மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் விரல்கள் பென்சிலுக்கு ஆயத்தமாவது களிமண் பிசைந்தும், ஈர்க்குக் கோத்தும், விதை பொறுக்கியும்தான். ஈர மணலில் குச்சியால் கீறும் வளைவுதான் பிறகு கொப்பியில் 'அ' ஆகிறது. வாசிப்புக்கு வேண்டியது சொற்கள். உருண்டை, சொரசொரப்பு, வழுக்கல், ஈரம், கசிவு, துளிர், சருகு என்று ஒரு மாரிக் காலையில் பிள்ளை வாயில் வரும் சொற்களைச் சுவரில் ஒட்டிய அட்டையிலிருந்து எடுக்க முடியாது. நகரத்துக்கு வானில் அனுப்பி, கதிரையில் நான்கு மணி நேரம் இருத்தி, வீட்டுப்பாடமும் கொடுத்து அனுப்பும் இடங்களுக்குக் கடன்பட்டுப் பணம் கட்டும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சொற்பக் கொடுப்பனவோடு கிராமத்தில் நிற்கும் ரீச்சரின் முன்பள்ளி அதற்குக் குறைந்ததல்ல.

கவனிக்க வேண்டியவை

வெளியில் விடுங்கள் என்று எழுதுவது சுலபம். வன்னியில் அதை எழுதுபவர் ஆபத்துகளையும் எழுதியே ஆக வேண்டும்.

முதலாவது மிதிவெடி. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி அகற்றி முடிக்க வேண்டிய ஆண்டு 2028. பெரும்பகுதி அகற்றப்பட்டுவிட்டாலும் வேலை முழுவதும் முடியவில்லை. மழை மண்ணை அரித்துப் புதைந்ததை வெளிக்கொண்டு வரும். வெள்ளம் ஓரிடத்துப் பொருளை வேறிடத்துக்குக் கொண்டுபோகும். ஆகவே மரத்தடியைத் தெரிவு செய்யும்போது, அந்த இடமும் போகும் வழியும் துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டவையா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அறியாத காட்டுக்குள் ஒரு அடியும் வேண்டாம். எமது "காட்டு முன்பள்ளி" என்பது பழகிய மரத்தின் கீழ், நான்கு மூலையிலும் கயிறு கட்டிய இடமாகவே இருக்கட்டும். அறியாத பொருளைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, ஓடிவந்து சொல். இந்த மூன்றையும் விளையாட்டாகவே பழக்கலாம். ரீச்சர் ஒரு பழைய டப்பாவை ஒளித்து வைப்பார். கண்ட பிள்ளை அந்த இடத்திலேயே நின்று திரும்பி, வந்த வழியே வந்து சொல்ல வேண்டும்.

மரத்தடி என்றதும் இடி மின்னலையும் சொல்ல வேண்டும். ஐப்பசி இடிக்குப் பேர் போன மாதம். முழக்கம் கேட்ட உடனே மரத்தை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். காலையில் பெரும்பாலும் வெளித்திருப்பது எமக்கு வசதி. பட்டுப்போன கொப்புள்ள மரமும், தென்னையின் கீழும் ஆகாது. மாரியில் முருங்கையடியும் ஆகாது, மசுக்குட்டி சொரியும்.

பாம்புக்கு, பிள்ளைகள் வருமுன் பெரியவர் ஒருவர் தடியோடு சுற்றிவர வேண்டும். புல்லை ஒட்ட வெட்டி, கல்லையும் ஓலைக் குவியலையும் அகற்றி வையுங்கள். கடித்துவிட்டால் கீறவோ, உறிஞ்சவோ, கட்டவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். புடையன், நாகம், எண்ணெய் விரியன் எல்லாவற்றுக்கும் இதுவே.

கட்டில்லாத கிணறும் துரவும் மாரியில் வாய்மட்டம் நிரம்பி நிற்கும். அருகில் ஒன்று இருந்தால் அடைக்கும்வரை அந்த இடம் வேண்டாம். செருப்புப் போட்டு விளையாடினால் கொக்கிப்புழு ஏறாது. காலில் புண்ணுள்ள பிள்ளை வயற் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். மலேரியா இல்லாத நாடென்று 2016இல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது. டெங்கு அப்படியில்லை. விளையாடி முடிந்த சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பதையும் விளையாட்டின் ஒரு பகுதியாக்குங்கள்.

கார்த்திகைப்பூ இக்காலத்தில் வேலியெங்கும் பூக்கும். பார்க்கலாம், பிடுங்க வேண்டாம். அதன் கிழங்கு நஞ்சு. குன்றிமணியும் மஞ்சள் அலரிக் கொட்டையும் அத்தகையவை. அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் மறைப்பதை விட, காட்டிப் பெயர் சொல்லி "இது வாயில் வைக்கிறதில்லை" என்று பழக்குவதே காவல். ஒரு பிளாஸ்ரிக் பையில் மாற்றுடுப்பும் ஒரு துவாயும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்பள்ளியில் இருந்தால், தூறலில் நனைந்ததற்காகத் தாய்மார் பதற வேண்டியிராது.

ஒரு பாத்தியில் தொடங்கலாம்

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் முன்பள்ளிகளுக்குப் பனம்பாத்தியைச் சொல்வோம். செலவில்லை. பனை இல்லாத உட்காட்டுக் கிராமமாயின் பூநகரி, பச்சிலைப்பள்ளிப் பக்கத்து உறவினரிடம் ஒரு சாக்கு விதை சொல்லிவிடலாம். ஒரு பழத்தில் இரண்டு அல்லது மூன்று கொட்டை. பிள்ளைகள் எண்ணிக் குவிக்கட்டும். மணலை முழங்காலளவுக்கு மேடாக்கி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே மண் தூவ வேண்டும். மற்ற விதைகள் மேலே முளைவிட, பனை முதலில் கீழே இறங்கும். ஒரு கொட்டையைப் பாத்தியின் ஓரத்தில் வைத்து இடைக்கிடை மண்ணை விலக்கிப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அது தெரியும். ஒன்றிரண்டை வெட்டிப் பூரானும் தின்னக் கொடுக்கலாம்.

1995இல் பாத்தி போட்டுவிட்டு வந்த பலர் அந்தக் கிழங்கைக் கிண்டவில்லை. அவர்களில் எவராவது உங்கள் கிராமத்தில் இருந்தால் பாத்தி போடும் நாளில் அவரையே கூப்பிடுங்கள். எந்த மண் நல்லது, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அவர் சொல்வார். தை, மாசியில் கிழங்கு ஆயத்தமாகும்போது இவ்வாண்டு மூத்த பிள்ளைகள் முதலாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள். புதிதாக வந்த மூன்று வயதுப் பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பார்கள். கிண்டும் நாளில் பாடசாலை அதிபரிடம் கேட்டு மூத்தவர்களை ஒரு மணி நேரம் கூட்டி வாருங்கள். அவித்த கிழங்கில் தும்பு உரித்துச் சின்னவர்களுக்குக் கொடுக்கும் வேலையை அவர்களே செய்யட்டும்.